மூன்று கிலோ ஸ்கூப்பில் எடை எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான். புளோரிடாவின் கிழக்குக் கரையில், கோகோ பீச் முதல் வீரோ பீச் வரை, வார இறுதிகளில் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 மெட்டல் டிடெக்டர் வைத்து மணலில் புதைந்த நாணயம், மோதிரம் தேடுகிறீர்கள். ஈர மணலிலும் தோண்டுகிறீர்கள், இடுப்பளவு தண்ணீரிலும் தோண்டுகிறீர்கள். தோண்டி அள்ளும் ஸ்கூப், அதாவது நீளக் கைப்பிடியின் அடியில் ஓட்டை போட்ட கூடை, முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 3 கிலோ. கொஞ்ச நேரத்திலேயே தோள் வலிக்கிறது. டைட்டானியம் வாங்கலாமா, அலுமினியம் தாங்குமா, கார்பன் ஃபைபர் கைப்பிடி உடைந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதில்: கூடை நல்ல நிலையில் இருந்தால் புது ஸ்கூப் வாங்காதீர்கள், கைப்பிடியை மட்டும் மாற்றுங்கள். அதன் பிறகும் வலி இருந்தால் கூடையின் அளவைக் குறையுங்கள். டைட்டானியம் மூன்றாவது இடத்தில்தான் வரும். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

உங்களுடையதைப் போன்ற ஸ்கூப்பில் கைப்பிடி பெரும்பாலும் 32 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள ஸ்டீல் குழாய். அது மீட்டருக்கு 1.5 கிலோ. 1.1 மீட்டர் நீளம் என்றால் 1.65 கிலோ. அதாவது 3 கிலோவில் பாதிக்கும் மேல் கைப்பிடிதான். கூடை, கால் வைக்கும் தகடு, இணைப்பு எல்லாம் சேர்ந்து மீதி 1.35 கிலோ. கடையில் எல்லாரும் கூடையைத் தட்டிப் பார்த்து "இது என்ன உலோகம்" என்று கேட்கிறார்கள், கைப்பிடியை யாரும் கவனிப்பதில்லை.

அதே 32 மி.மீ. குழாயை வேறு பொருள்களில் எடுத்தால் 1.1 மீட்டருக்கு எடை இப்படி வரும்: டைட்டானியம் 0.94 கிலோ, அலுமினியம் 0.56 கிலோ, கார்பன் ஃபைபர் (2.5 மி.மீ. சுவர்) சுமார் 0.4 கிலோ. உள்ளீடற்ற குழாய்க்குப் பதில் ஹிக்கரி மரத்தில் அதே தடிமனுக்கு முழுக் கம்பு போட்டால் சுமார் 0.65 கிலோ. ஆக, ஸ்டீல் கூடையை வைத்துக்கொண்டு கார்பன் கைப்பிடி போட்டால், குழாய்க்குள் செருகும் அடைப்பும் போல்ட்டும் சேர்த்து மொத்தம் 1.85 கிலோ அளவில் நிற்கும். கூடை, கைப்பிடி இரண்டையும் டைட்டானியத்தில் வாங்கினால் 1.7 கிலோ. வித்தியாசம் 150 கிராம். அந்த 150 கிராமுக்காக முந்நூறு நானூறு டாலர் கொடுப்பது உங்கள் விருப்பம். தோளுக்கு அது தெரியப் போவதில்லை.

தோளுக்குத் தெரிவது மணலின் எடை. தண்ணீர் ஊறிய மணல் லிட்டருக்கு 1.9 முதல் 2 கிலோ. 16 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள கூடையின் கொள்ளளவு 5 லிட்டர். வாய் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பும் என்று வைத்தாலும் ஒவ்வொரு தூக்கலுக்கும் 6.5 கிலோ மணல் வருகிறது. 13 செ.மீ. விட்டம், 20 செ.மீ. ஆழம் என்றால் அது 3.5 கிலோ. ஒரு தூக்கலுக்கு 3 கிலோ மிச்சம். எந்த உலோகமும் இந்த அளவு மிச்சம் தராது.

அதற்காகச் சின்னக் கூடைக்கு ஓடிவிடவும் முடியாது. ஈக்வினாக்ஸோடு வரும் 11 அங்குலக் காயிலில் (டிடெக்டரின் அடியில் உள்ள தேடும் தட்டு) பின்பாயிண்ட் செய்தால், அதாவது பொருள் கிடக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்தால், 20–25 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் பொருளுக்கு 3 முதல் 5 செ.மீ. வரை இடம் தவறுவது சாதாரணம். வாய் 12 செ.மீ.க்குக் கீழே போனால் பொருள் கூடைக்கு வெளியே நின்றுவிடும். நாலு தடவை தோண்ட வேண்டிவரும், ஓரத்தில் வாய் இடித்து மோதிரம் கீறுபடவும் வாய்ப்புண்டு. ஈர மணலுக்கு 14–15 செ.மீ. வாய், 20 செ.மீ. ஆழம் என்பது நடுநிலையான அளவு. தண்ணீருக்குள் கணக்கு வேறு. அங்கே மணல் மிதப்பு விசையால் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோதான் இழுக்கும். குழியோ அடுத்த அலையிலேயே மூடிக்கொள்ளும், எனவே ஒரே அள்ளலில் எடுத்துவிடுவது முக்கியம். இடுப்பளவு தண்ணீரிலேயே அதிக நேரம் இருப்பவருக்கு 16 செ.மீ. கூடை தப்பில்லை. கூடையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்குவதற்கு முன் உள்ளேயே ஆட்டி மணலைக் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஓட்டைகள். அளவு முடிவாவது நீங்கள் எதை இழக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. அமெரிக்க நாணயங்களிலேயே சிறியது டைம் என்ற பத்து சென்ட் காசு, விட்டம் 17.9 மி.மீ. பெரியவர்கள் போடும் மோதிரத்தின் வெளிவிட்டம் அதைவிடச் சற்று அதிகம். ஆகவே 12 மி.மீ. வட்ட ஓட்டை வழியாக நாணயமும் மோதிரமும் போகவே முடியாது. 16 மி.மீ. ஓட்டையும் டைமைப் பிடித்துவிடும்; ஆனால் குழந்தைகளின் மோதிரம், கம்மல் போன்றவை நழுவும். ஓட்டை எந்த அளவானாலும் கம்மல் திருகாணியும் மெல்லிய சங்கிலியும் ஓடிவிடும். அவற்றுக்கு ஓட்டையைச் சிறிதாக்குவது தீர்வல்ல. மெல்லிய, விட்டுவிட்டு வரும் சிக்னல் என்றால் கூடையை ஆட்டாமல் அப்படியே ஈர மணலில் கவிழ்த்துப் பரப்பி, காயிலால் மறுபடி பாருங்கள்.

நீளவாட்டுத் துளை போட்ட ஸ்கூப்பைத் தவிர்த்துவிடுங்கள். 8 மி.மீ. அகலம்தானே என்று தோன்றும். ஆனால் துளையின் நீளம் 25 மி.மீ. என்றால் நாணயம் செங்குத்தாகத் திரும்பி அதன் வழியே நழுவிவிடும். வட்டம் அல்லது அறுகோணம் மட்டும் போதும்.

கூடை எவ்வளவு வேகமாகக் காலியாகும் என்பதை ஓட்டையின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை, ஓட்டைகளுக்கு இடையே எவ்வளவு தகடு மிச்சம் இருக்கிறது என்பதும் சேர்த்துத்தான். 10 மி.மீ. வட்ட ஓட்டைகள், மையத்துக்கு மையம் 15 மி.மீ. இடைவெளியில், ஒவ்வொரு வரிசையையும் பாதி இடைவெளி தள்ளிப் போட்டால் திறந்த பரப்பு 40 சதவீதம். 12 மி.மீ. ஓட்டை, 16 மி.மீ. இடைவெளி: 51 சதவீதம். 12 மி.மீ. அறுகோணம், நடுவே 3 மி.மீ. தகடு மட்டும்: 64 சதவீதம். அறுகோண ஓட்டை அழகுக்காக வந்ததல்ல. தகடும் குறைகிறது, அதனால் எடையும் குறைகிறது. ஆனால் அந்த 3 மி.மீ. பாலங்கள் வாய் ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கிளிஞ்சலில் இடித்து ஒவ்வொன்றாக வளையத் தொடங்கும். வாய் ஓரத்திலிருந்து குறைந்தது 25 மி.மீ. வரை ஓட்டை இல்லாத முழுத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் இன்னொரு பட்டை வைத்து வெல்ட் செய்து 3 மி.மீ. ஆக்கியிருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் கரையிலேயே மணல் ஒரே மாதிரி இல்லை. கோகோ பீச் பக்கம் நைசான, இறுகிய மணல். அங்கே 10 மி.மீ. ஓட்டையும் ஓடும். தெற்கே செபாஸ்டியன், வீரோ பக்கம் சிப்பித்தூள் கலந்த பருமணல். 10 மி.மீ. ஓட்டையில் உடைந்த சிப்பிகள் சரியாகப் போய் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குழிக்கும் கூடையைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே ஸ்கூப் என்றால் 12 மி.மீ. எடுங்கள். 1715-ல் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களின் வெள்ளிக் காசு கிடைக்குமா என்ற ஆசையில் வீரோ பக்கம் போகிறவர்கள் 16 மி.மீ. பக்கமே போகக் கூடாது. அரை ரியால் காசு 1.7 கிராம்தான், ஓரம் ஒழுங்கில்லாமல் வெட்டப்பட்டது. உப்புநீரில் அரித்து இன்னும் சிறுத்திருக்கும்.

கூடையின் உலோகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் காய்ந்த மணலுக்குச் சரி. அள்ளிய மணலைக் காயிலுக்கு மேலே காட்டிப் பார்க்கலாம் என்பது அதன் பெரிய வசதி. இறுகிய ஈர மணலில் வாய் உடையும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பில் மணல் உரசி வாய் ஓரத்தில் பூச்சு முதலில் போகும், பிறகு துரு அங்கிருந்து ஏறும். அலுமினியத்தில் செய்தால் தகடு 3 மி.மீ. இருக்க வேண்டும், அப்போது 1.5 மி.மீ. ஸ்டீலைவிட எடையில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். சிப்பி மணலில் அலுமினிய வாய் சீக்கிரம் மழுங்கும். அதைவிட முக்கியம், 6061 வகை அலுமினியத்தை வெல்ட் செய்தால் சூடுபட்ட பகுதியின் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். விளம்பரத்தில் போடும் வலிமை வெல்டுக்குப் பக்கத்தில் கிடையாது. உடைவதோ அங்கேதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304-ம் 316-ம் வரும். 316-ல் 2–3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பு அரிப்பை நன்றாகத் தாங்கும். 304-ம் போதும்; டீ சிந்தியது போலப் பழுப்புக் கறை படரும், அது மேலோட்டமானதுதான். வெல்டைச் சுற்றி மட்டும் செந்துரு வந்தால் அதற்கு வேறு காரணம்: வெல்ட் செய்தவர் சாதாரண இரும்புக் கம்பி பிரஷால் தேய்த்திருப்பார், இரும்புத் துகள் அதில் பதிந்திருக்கும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

டைட்டானியம் உப்புநீரில் அரிக்கவே அரிக்காது, ஸ்டீலின் எடையில் 57 சதவீதம்தான். ஆனால் விறைப்பும் ஸ்டீலில் பாதிதான், எனவே நெம்பும்போது வளைந்து கொடுக்கும். சிலருக்கு அது பிடிக்காது. வாங்கும்போது வெல்டின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளி நிறமோ வெளிறிய வைக்கோல் நிறமோ இருந்தால் ஆர்கான் வாயு மூட்டம் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள். நீலம் என்றால் சந்தேகப்படுங்கள். சாம்பல் வெண்மையாக, மாவு பூத்தது போல இருந்தால் காற்று புகுந்து அந்த வெல்ட் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கூப் உடைவது எங்கே என்ற கேள்விக்கு வருவோம். கூடை கிழிவது அபூர்வம். கைப்பிடி கூடையோடு சேரும் இடம்தான் போகும். இறுகிய மணலில் வாயை இறக்கிவிட்டு, கைப்பிடியின் நுனியைப் பிடித்துப் பின்னால் சாய்கிறீர்கள். 25 கிலோ இழுப்பு என்பது உடம்பைச் சாய்த்தாலே வந்துவிடும். இணைப்பிலிருந்து 1 மீட்டர் தள்ளி இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். 28 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. சுவரும் உள்ள குழாய் என்றால் இணைப்பருகே அதில் ஏறும் தகைவு (உலோகத்துக்குள் ஏறும் அழுத்தம்) 310 மெகாபாஸ்கல் அளவு. 304 ஸ்டீல் வளைந்த இடத்திலேயே நின்றுவிடும் எல்லை ஏறக்குறைய 205. ஆக அந்தக் குழாய் வளைந்தே தீரும். 32 மி.மீ., 2 மி.மீ. குழாயில் அதே இழுப்புக்கு 185 வரை ஏறும், தப்பிக்கும். வெறும் 4 மி.மீ. விட்டமும் அரை மில்லிமீட்டர் சுவரும்தான் வித்தியாசம். "லைட் வெயிட்" என்று ஒட்டி விற்கும் சில மலிவு ஸ்டீல் ஸ்கூப்புகள் எடையைக் குறைத்திருப்பது இப்படித்தான், குழாயை ஒல்லியாக்கி. வாங்குமுன் காலிப்பரால் விட்டத்தையும் சுவரையும் அளந்துவிடுங்கள், 30 மி.மீ.க்குக் கீழே இருக்கும் ஸ்டீல் குழாயைத் தொடாதீர்கள்.

இணைப்பின் அமைப்பு இதைவிட முக்கியம். கைப்பிடி கூடையை இரண்டு இடங்களில் பிடிக்க வேண்டும்: கூடையின் பின்தகட்டில் ஒன்று, மேல் விளிம்பில் குறுக்கே போகும் பட்டையில் ஒன்று. இந்த இரண்டுக்கும் இடையே 15 செ.மீ. இருந்தால், மேலே சொன்ன இழுப்புக்கு ஒவ்வொரு பிடியும் தாங்க வேண்டியது 165 கிலோ அளவு. 7 செ.மீ. நீளமுள்ள ஒற்றைச் சாக்கெட்டில் கைப்பிடியைச் செருகியிருந்தால் 350 கிலோவைத் தாண்டும். அதனால்தான் குட்டைச் சாக்கெட் ஸ்கூப்புகளில் வெல்டின் ஓரத்தில் முடி போல விரிசல் விழுகிறது. வெல்டின் மேல் அல்ல, வெல்ட் முடிந்து தகடு தொடங்கும் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் விரிசல். ஸ்டீல் என்றால் முழுதும் உடைவதற்குள் ஒரு முக்கோணத் தகடு வைத்து மறுபடி வெல்ட் செய்யலாம்.

கைப்பிடி மாற்றும் வேலைக்கு வருவோம். உங்கள் கூடையில் சாக்கெட்டும் போல்ட்டும் இருந்தால் வேலை சுலபம். கைப்பிடி நேரடியாக வெல்ட் செய்யப்பட்டிருந்தால், கூடையின் மேல் பட்டையைத் தாண்டி 20 செ.மீ. அடிக்கட்டை விட்டு அறுத்துவிட்டு, அதன் மேல் வெளியிலிருந்து ஏறும்படி 36 மி.மீ. வெளிவிட்டம், 32 மி.மீ. உள்விட்டம் கொண்ட கார்பன் குழாய் போடலாம். அடிக்கட்டையின் எடை சேர்வதால் மொத்தம் 2.1 கிலோ ஆகும். அப்போதும் 900 கிராம் குறைகிறது.

கார்பன் உடையுமா என்றால், வளைப்பதால் உடைவது குறைவு, நசுக்குவதால் உடைவதே அதிகம். போல்ட்டை இறுக்கும்போது குழாயின் சுவர் உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியாமல் இழைகள் பிரியும். பிறகு ஒருநாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் டக்கென்று போகும். ஸ்டீல் மாதிரி வளைந்து காட்டாது. அதனால் போல்ட் வரும் பகுதி முழுக்க, 15 செ.மீ. நீளத்துக்கு, உள்ளே நைலான் அல்லது கடின மரத்தாலான அடைப்பை எபாக்ஸி தடவிச் செருகி ஒரு நாள் காயவிடுங்கள். அதன் பிறகுதான் துளை போட வேண்டும். துளைக்கும் இடத்தில் டேப் ஒட்டி, கார்பைடு பிட் வைத்து, அழுத்தாமல் மெதுவாக இறக்குங்கள். மறுபக்கம் வெளிவரும்போது இழை பிய்யாமலிருக்க அங்கே ஒரு மரத்துண்டை அணைத்துப் பிடிக்க வேண்டும். எம்8 அளவு 316 போல்ட், பெரிய வாஷர், நைலாக் நட் (தானாகக் கழலாத நட்டு). நட்டு தொட்டபின் கால் சுற்று போதும். அறுக்கும்போதும் துளைக்கும்போதும் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கரித்தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

கார்பன் குழாயை அலுமினியச் சாக்கெட்டில் நேரடியாகச் செருகவே கூடாது. உப்புநீரில் இரண்டும் சேர்ந்தால் மின்கலம் போல வேலை செய்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவே கண்ணாடி இழைத் துணி ஒரு சுற்று எபாக்ஸியோடு ஒட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. ஸ்டீலோடும் டைட்டானியத்தோடும் கார்பனுக்கு இந்தச் சண்டை அவ்வளவாகக் கிடையாது. ஸ்டீல் கூடையில் அலுமினியக் கைப்பிடி போடுகிறவர்களும் இதே எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

கார்பனுக்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் ஹார்டுவேர் கடையில் மண்வாரிக்குப் போடும் ஹிக்கரி அல்லது ஆஷ் மரக் கைப்பிடி போதும். 32 மி.மீ. முழுக் கம்பில் மேலே சொன்ன இழுப்புக்கு 76 மெகாபாஸ்கல்தான் ஏறும். காய்ந்த ஹிக்கரி அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தாங்கும். ஆளி விதை எண்ணெய் பூசி வையுங்கள். மரம் அழுகுவது போல்ட் துளையில்தான், ஆண்டுக்கு ஒருமுறை போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். என்னைக் கேட்டால், புளோரிடா வெயிலில் காரின் பின்னால் கிடக்கும் ஸ்கூப்புக்கு மரக் கைப்பிடி கேலிக்குரியதே அல்ல.

தண்ணீருக்குள் இன்னொரு விஷயம் வருகிறது. இருபுறமும் அடைத்த 32 மி.மீ. குழாய், 1.1 மீட்டர் நீளத்தில், 0.88 லிட்டர் தண்ணீரை விலக்கும். கார்பன் குழாய், அடைப்பு, போல்ட் ஆகியவற்றின் எடையைக் கழித்தால் சுமார் 400 கிராம் மேல்நோக்கித் தள்ளும். கையை விட்டாலும் கூடை அடியில் உட்கார்ந்து, கைப்பிடி செங்குத்தாக நிற்கும். குனிந்து தேட வேண்டியதில்லை. ஸ்டீல் கூடை தண்ணீருக்குள் 1.2 கிலோ அளவு கீழே இழுப்பதால் மீதி 800 கிராம் அதை நிறுத்திவைக்கும். டைட்டானியக் கூடையும் கார்பன் கைப்பிடியும் சேர்ந்தால் கரையில் 1.3 கிலோ அளவுதான், தூக்கினால் ஆசையாக இருக்கும். ஆனால் தண்ணீருக்குள் அது கீழே இழுப்பது 200 கிராம் மட்டுமே. ஓர் அலை போதும், ஸ்கூப் கரைக்கோ கடலுக்கோ போய்விடும். அலைப்பகுதியில் எடை குறைவதற்கும் ஓர் எல்லை உண்டு. முழு ஸ்டீல் கைப்பிடியாக இருந்தால், அதில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஓட்டை இருந்தால் உள்ளே மணலும் புகுந்து எடை கூடிக்கொண்டே போகும்.

நீளம்: வாயிலிருந்து கைப்பிடி நுனிவரை உங்கள் தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவே வந்தால் சரி. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 115–120 செ.மீ. குட்டையானால் முதுகு வளையும். நீளமானால் மேலே சொன்ன நெம்பு விசை ஏறும். இரண்டாகக் கழற்றும் கைப்பிடி பயணத்துக்கு வசதி, ஆனால் ஸ்டெயின்லெஸ் மரையில் ஸ்டெயின்லெஸ் மரை திருகினால் சிறிது மணல் பட்டதும் பற்றிக்கொண்டு கழலவே கழலாது. ஆன்டி சீஸ் பசை தடவாமல் திருகாதீர்கள். மரைக்குப் பதில் ஊசியோ போல்ட்டோ செருகும் இணைப்பு இருந்தால் அதை எடுங்கள்.

கைப்பிடியை நேராக நிறுத்தினால் கூடையின் வாய் சுமார் 45 டிகிரியில் தரையை நோக்க வேண்டும். கால் வைக்கும் தகடு கூடையின் பின்பக்கத்தில் 7–8 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். தண்ணீரில் பூட்ஸ் போட்ட கால் அதற்குக் குறைந்த தகட்டில் வழுக்கும்.

தோண்டும் முறையிலும் பாதி எடை குறையும். பொருளுக்கு 10–12 செ.மீ. இந்தப் பக்கம் வாயை வைத்து, காலால் இறக்குங்கள். இறங்கியதும் உடனே நெம்பாதீர்கள். ஈர மணல் கூடையைச் சுற்றி உறிஞ்சிப் பிடித்திருக்கும். கைப்பிடியை முன்னும் பின்னும் கையகலம் இரண்டு மூன்று தடவை ஆட்டினால் காற்றோ தண்ணீரோ உள்ளே புகுந்து பிடி விடும். பிறகு கூடையின் குதிகாலை, அதாவது பின்னடியை, மணலில் ஊன்றிச் சாய்த்து, மணலோடு அப்படியே குழியோரத்துக்கு இழுங்கள்; தூக்காதீர்கள். அடியில் களிமண் படுகை வந்தால் ஸ்கூப்பைக் கடப்பாரையாக்க வேண்டாம், இரண்டு மூன்று முறை மெல்லியதாகச் சீவி எடுங்கள். கனமான தங்க மோதிரங்கள் அந்தப் படுகையின் மேல்தான் வந்து தங்கும், எனவே அந்த இடத்தில் பொறுமை வீண்போகாது.

உலோக ஸ்கூப்பைக் காயிலிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் அதன் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நடக்கும்போது தூக்கிக்கொண்டு போகாமல் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம். கைப்பிடி மாற்றியபின் எடை கூடைப் பக்கம் சாயும், ஆகவே தூக்கும் நேரத்தில் கூடைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் சமநிலையாக இருக்கும். அலைப்பகுதியில் ஸ்கூப்பைக் கயிற்றால் இடுப்பில் கட்டுவதாக இருந்தால், ஒரு இழுப்பில் விடுபடும் கொக்கி போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்து, வாய் ஓரத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் உள்பக்கமாகத் தேய்த்துவிடுங்கள். வாயை மிகக் கூர்மையாக்கினால் வேர், கயிறு எல்லாம் நன்றாக வெட்டும், ஆனால் மோதிரத்தையும் வெட்டும்.

கடைசியாக, உங்கள் கரைக்கு உரிய ஒன்று. பிரெவார்டு முதல் பிரோவார்டு வரையுள்ள கவுண்டிகளில் கடலாமை முட்டையிடும் காலம் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை. 20 செ.மீ. குழியை மூடாமல் போனால் கடலை நோக்கி ஊரும் குஞ்சு அதில் விழுந்து ஏற முடியாமல் கிடக்கும். கெனவரல் தேசியக் கடற்கரையில் டிடெக்டருக்கு அனுமதியே இல்லை. மாநிலத்துக்குச் சொந்தமான நீரடி நிலத்தில் 50 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றுப் பொருள் கிடைத்தால் அது மாநிலத்துக்கே உரியது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது நீங்கள் பெரும்பாலும் அந்த நிலத்தின் மேல்தான் நிற்கிறீர்கள்.